பந்துக்கு ஒரு தராசு, பதிவேட்டுக்கு ஒரு தராசு

கேரளக் கால்பந்தின் பெரும் புள்ளியான ஐ.எம். விஜயன், மலபார் ஸ்பெஷல் போலீஸ் துணைக் கமாண்டன்ட் பதவியிலிருந்து 2025 ஏப்ரலில் ஓய்வு பெற்றார். அதே ஆண்டு அவருக்குப் பத்மஸ்ரீ விருதும் அறிவிக்கப்பட்டது. சிறு வயதில் திருச்சூர் மைதானத்தில் சோடா விற்றுப் பிழைத்தவர், காக்கி உடுப்பில் மரியாதையோடு விடைபெற்றது குறித்து கேரளம் முழுவதும் மகிழ்ந்தது. அதில் வியப்பில்லை.

ஆனால் கால்பந்தின் பெயரால் அரசாங்க உத்தியோகம் பெற்ற இன்னொருவரின் கதை வேறு விதமாக முடிந்தது. அது நடந்த இடம் திருவனந்தபுரம் எம்.ஜி. ரோட்டில் உள்ள அக்கவுண்டன்ட் ஜெனரல் அலுவலகம். விளையாட்டு வீரர்களுக்கான ஒதுக்கீட்டில் 2012-ல் அங்கு ஆடிட்டராகச் சேர்ந்தவர் கண்ணூர்க்காரரான சி.கே. வினீத். போதிய நாட்கள் வேலைக்கு வரவில்லை என்ற காரணத்தால் 2017 மே மாதத்தில் அவர் வேலையை விட்டு நீக்கப்பட்டார். அதே மாதம் 21-ந்தேதி கட்டாக் நகரில் பெடரேஷன் கோப்பை இறுதி ஆட்டம். மோகன் பகானை பெங்களூர் அணி 2-0 என்று வென்றது. கூடுதல் நேரத்தில் விழுந்த அந்த இரண்டு கோல்களையும் அடித்தவர் இதே வினீத்.

ஒரு மனிதரைப் பற்றி ஒரே மாதத்தில் இரண்டு தீர்ப்புகள். மைதானத்தில் எழுதப்பட்டது ஒன்று, ஆபீஸ் மேஜையில் எழுதப்பட்டது ஒன்று. விளையாட்டு வீரரை எதை வைத்து எடை போடுவது, ஆட்டத்தை வைத்தா, வெளியே நடந்துகொண்ட விதத்தை வைத்தா என்ற சர்ச்சை பெரும்பாலும் மரடோனா போன்றவர்களைச் சுற்றியே நடக்கிறது. சம்பளத் தேதியையும் லீவு லெட்டரையும் நம்பி வாழும் குமாஸ்தாக்களுக்கோ, வினீத்தின் கதைதான் பக்கத்து வீட்டுக் கதை.

30 நாள் கணக்கு

மத்திய அரசு ஊழியர் ஒருவர் தேசிய, சர்வதேசப் போட்டிகளில் ஆடச் சென்றால் அவருக்கு ஆண்டுக்கு 30 நாள் வரை சிறப்புத் தற்செயல் விடுப்பு உண்டு. அந்த விதி, சந்தோஷ் டிராபி போன்ற போட்டிகள் இரண்டு மூன்று வாரத்தில் முடிந்துவிடும் காலத்துக்கு ஏற்றது. டைட்டானியம், ஸ்டேட் பாங்க் ஆஃப் திருவிதாங்கூர் அணிகள் திருவனந்தபுரத்தில் கொடி கட்டிப் பறந்த நாட்களில் அலுவலகமே அணியாக இருந்தது. ஆடுவதே அங்கு வேலை. மேலதிகாரியே மைதானத்துக்கு வந்து கைதட்டுவார்.

வினீத்தின் காலத்தில் நிலைமை தலைகீழ். 2016-ஐ எடுத்துக்கொள்ளலாம். நவம்பர் 5-ந்தேதி பெங்களூர் அணி தோகா நகரில் ஆசியக் கால்பந்துக் கழகக் கோப்பை இறுதி ஆட்டத்தில் ஆடியது. அது முடிந்ததும் வினீத் கொச்சி வந்து கேரளா பிளாஸ்டர்ஸ் அணியில் சேர்ந்தார். பாதியில் வந்தும் 5 கோல் அடித்தார். டிசம்பர் 18-ந்தேதி அந்த அணி இறுதி ஆட்டம் வரை போய், கொல்கத்தாவிடம் பெனால்டியில் தோற்றது. அடுத்து மீண்டும் பெங்களூர், ஐ-லீக், அதன் பிறகு பெடரேஷன் கோப்பை. இந்தக் கணக்கில் 30 நாள் எந்த மூலைக்குக் காணும்?

அலுவலகத்தின் பக்கமும் நியாயம் இல்லாமல் இல்லை. நாற்காலி காலியாக இருந்தால் அதன் பைல்கள் பக்கத்து மேஜைக்குத்தான் போகும். மார்ச் மாதக் கடைசியில் இரவு எட்டு மணி வரை உட்கார்ந்து கணக்கு முடித்த எவருக்கும் இது தெரியும். கிளப்பில் ஒப்பந்தம், அரசாங்கத்தில் உத்தியோகம் என்று ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு காலாக இருக்கலாமா என்று கேட்டவர்களையும் பொறாமைக்காரர்கள் என்று தள்ளிவிட முடியாது. அமைச்சர்கள் மட்டத்தில் வேண்டுகோள்கள் போயும் உத்தரவு மாறவில்லை. கேரள அரசு பின்னர் தலைமைச் செயலகத்தில் அவருக்கு வேலை தர முன்வந்தது.

எனினும் ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். வேலைக்கு வராதது உத்தியோகத்தில் குறை. அதை ஒழுக்கக்கேடு என்ற கணக்கில் சேர்ப்பது தவறு. வினீத் யாரையும் ஏமாற்றிவிட்டு எங்கோ ஒளிந்திருக்கவில்லை. அவர் எங்கே இருக்கிறார் என்பதை டெலிவிஷனில் லட்சக்கணக்கானோர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எந்தத் திறமைக்காக வேலை கொடுக்கப்பட்டதோ அந்தத் திறமையைக் காட்டப் போனதற்காகவே வேலை பறிபோனது.

இரண்டு நாள் துக்கம்

இப்போது மரடோனாவைப் பார்க்கலாம். 2020 நவம்பர் 25-ந்தேதி அவர் காலமானபோது கேரள அரசு விளையாட்டுத் துறையில் இரண்டு நாள் துக்கம் அறிவித்தது. அர்ஜென்டினா நாட்டுக்கு வெளியே ஒரு மாநில அரசு இப்படிச் செய்தது உலகத்துக்கே விசித்திரமாக இருந்திருக்கும். கேரளத்தில் அது விசித்திரம் அல்ல. 2012 அக்டோபரில் ஒரு நகைக்கடை திறப்பு விழாவுக்காக அவர் கண்ணூர் வந்தபோது திரண்ட கூட்டம் போதும், அந்தப் பாசத்தைச் சொல்ல. அன்று மேடையில் அவரோடு பந்து தட்டியவர் விஜயன்.

இந்தப் பாசத்தின் வேர் 1986-ல் இருக்கிறது. மெக்சிகோ உலகக் கோப்பையைத் தூர்தர்ஷனில் பார்த்த தலைமுறை அது. ஜூன் 22-ந்தேதி இங்கிலாந்துக்கு எதிராக அவர் கையால் தட்டி ஒரு கோல் போட்டார். நான்கு நிமிஷத்தில், பாதி மைதானத்தைக் கடந்து எதிரிகளை வரிசையாக ஏமாற்றி இன்னொரு கோல் போட்டார். திருட்டும் மேதாவிலாசமும் ஒரே ஆட்டத்தில், ஒரே மனிதரிடம். கேரள ரசிகர்கள் இரண்டையும் கொண்டாடினார்கள். கையில் சே குவேராவையும் காலில் காஸ்ட்ரோவையும் பச்சை குத்திக்கொண்டவர் என்பது இடதுசாரித் தோழர்களுக்குக் கூடுதல் பிடித்தம்.

மற்ற கணக்கு நீளமானது. 1991-ல் கோகெய்ன் உபயோகித்தது தெரிந்து 15 மாதத் தடை. 1994-ல் வீட்டு வாசலில் நின்ற பத்திரிகை நிருபர்களைக் காற்றுத் துப்பாக்கியால் சுட்டார். அதே ஆண்டு உலகக் கோப்பையின் நடுவில் எபெட்ரின் மருந்து சிக்கி வெளியேற்றம். நேப்பிள்ஸ் நகரில் 1986-ல் பிறந்த மகனைப் பல்லாண்டுகள் தன் பிள்ளை என்று ஒப்புக்கொள்ளவில்லை. 16 வயதில் அவரோடு பழக நேர்ந்த கியூபா நாட்டுப் பெண் ஒருவர், தாம் பலாத்காரத்துக்கு ஆளானதாக 2021-ல் பகிரங்கமாகக் குற்றம் சாட்டினார். பதில் சொல்ல மரடோனா அப்போது உயிரோடு இல்லை.

போதைப் பழக்கத்தை இந்தப் பட்டியலில் மற்றவற்றோடு சேர்த்து எண்ணுவது சரியாகாது. சேரியில் பிறந்து, இருபத்தைந்து வயதில் உலகமே தலையில் தூக்கி வைத்து ஆடிய ஒருவர் தம்மைத் தாமே அழித்துக்கொண்டது நோய். அதற்கு இரக்கம் தகும். பிள்ளையை மறுப்பதும் பெண்ணுக்குத் தீங்கு செய்வதும் வேறு ரகம். அங்கே இரக்கம் காட்டப்பட வேண்டியவர்கள் வேறு ஆட்கள்.

இதைத் தைரியமாகச் சுட்டிக்காட்டியவர் ஒரு சாதாரண ஆட்டக்காரி. மரடோனா இறந்த சில நாட்களில் ஸ்பெயினின் கலீசியா பகுதியில் பெண்கள் ஆட்டம் ஒன்றுக்கு முன் மௌன அஞ்சலி செலுத்தப்பட்டது. எல்லோரும் நிற்க, பவுலா தபேனா என்ற வீராங்கனை மட்டும் முதுகைக் காட்டித் தரையில் உட்கார்ந்தார். ஆட்டக்காரராக அவர் எப்படி இருந்தாலும், பெண்களைத் துன்புறுத்தியவருக்கு அஞ்சலி செலுத்த மாட்டேன் என்பது அவர் நிலை. அவருக்குக் கொலை மிரட்டல்கள்கூட வந்தன. அதே சமயம், நேப்பிள்ஸ் மைதானத்துக்கு மரடோனாவின் பெயர் சூட்டப்பட்டது. அந்த நகர மக்களுக்கு அவர் 1987-லும் 1990-லும் வாங்கிக் கொடுத்த பட்டங்கள், வடக்கத்திய பணக்கார நகரங்களின் ஏளனத்துக்குக் கொடுத்த பதில். அதையும் பொய் என்று சொல்ல முடியாது. கோல் கோல்தான். காயமும் காயம்தான். ஒன்றைக் கொண்டு மற்றதைக் கழிக்கும் கணக்கு எந்த லெட்ஜரிலும் இல்லை.

தூரத்துப் பச்சை

கேரள ரசிகர்களின் தராசில் உள்ள கோளாறு இன்னொரு இடத்தில் தெரிகிறது. கடலுக்கு அப்பால் உள்ளவருக்கு எல்லாம் மன்னிப்பு. சொந்த ஊர்க்காரருக்கு வதந்தியே போதும். வினீத் 2019 ஜனவரியில் சென்னையின் எப்.சி. அணிக்குப் போனார். அடுத்த மாதம் அந்த அணி கொச்சியில் ஆடியபோது, பந்து எடுத்துப் போடும் சிறுவன் ஒருவனை அவர் திட்டியதாக ஓர் ஒலிப்பதிவு பரவியது. அது பொய் என்று சொல்லி அவர் போலீஸ் கமிஷனரிடமே புகார் செய்ய வேண்டியிருந்தது. சில மாதங்களுக்கு முன் வரை அவர் பெயரைச் சொல்லி ஆர்ப்பரித்த ஊர் அது.

அதே வினீத் 2020-ல் கொரோனா ஊரடங்கின்போது கண்ணூரில் வீடுகளுக்கு அத்தியாவசியப் பொருள் அனுப்பும் கால் சென்டரில் தொண்டராக உட்கார்ந்து, அரிசி, மருந்து கேட்டவர்களின் போனை எடுத்தார். மைதானத்துக்கு வெளியே உள்ள நடத்தையைக் கணக்கில் எடுப்பதென்றால் இதையும் எடுக்க வேண்டாமா?

விஜயனுக்குக் கிடைத்த சலுகையையும் மறக்கலாகாது. 1987-ல் கேரள போலீசில் சேர்ந்த அவர், 1990, 1991 ஆண்டுகளில் பெடரேஷன் கோப்பையை வென்ற அந்த அணியின் தூண். ஆனால் கொல்கத்தா கிளப் அழைத்தபோது போலீசை விட்டுப் போனார். பின்னால் போலீஸ் அவரைத் திரும்பச் சேர்த்துக்கொண்டது. அவர் போனதை யாரும் நன்றிகெட்டதனம் என்று பேசவில்லை. நல்ல முடிவு அது. ஒரு துறை தாராளமாக நடந்துகொண்டதால்தான் 2025-ல் அந்த மரியாதை வாய்த்தது.

அவருடைய தோழர் வி.பி. சத்யனுக்கு அது வாய்க்கவில்லை. போலீஸ் அணியின் தளபதி, பிறகு சென்னை இந்தியன் பாங்க் ஊழியர். 1995-ல் சென்னையில் நடந்த தெற்காசியப் போட்டியில் இந்தியா தங்கம் வென்றது அவர் தலைமையில்தான். 2006 ஜூலை 18-ந்தேதி, 41 வயதில், அதே சென்னையில் பல்லாவரத்தில் தம் வாழ்வை முடித்துக்கொண்டார். மனச்சோர்வும் பழைய காயங்களின் வேதனையும் அவரை வாட்டியிருந்தன. அவர் மீது எந்தக் களங்கமும் இல்லை. ஆட்டம் நின்றபின் ஆட்டக்காரர் எப்படி இருக்கிறார் என்று கேட்க ஆள் இல்லாமல் போனதுதான் அந்தக் கதை.

கடற்கரைப் பிள்ளைகள்

இதெல்லாம் தமிழர்களுக்கு அந்நியச் செய்தி அல்ல. களியக்காவிளைக்குத் தெற்கே தூத்தூர், சின்னத்துறை, இரவிபுத்தன்துறை, வள்ளவிளை என்று நீளும் குமரி மாவட்ட மீனவர் ஊர்களில் சாயங்காலமானால் கடற்கரை மணலில் பந்து உருளும். எல்லையைத் தாண்டினால் பொழியூர். அந்த ஒரு கிராமமே சந்தோஷ் டிராபிக்கு எத்தனையோ பேரைத் தந்திருக்கிறது. இரவிபுத்தன்துறைப் பிள்ளை மைக்கேல் சூசைராஜ் சென்னை சிட்டி அணியில் ஆடிப் பெயர் எடுத்து, ஐ.எஸ்.எல். வரை போனார். இந்த வீடுகளில் பந்து என்பது வள்ளத்துக்குப் போகாமல் ஒரு நிரந்தர வேலைக்குப் போகும் வழியும்கூட.

அந்த வழி குறுகிக்கொண்டே வருகிறது. ஸ்டேட் பாங்க் ஆஃப் திருவிதாங்கூர் 2017 ஏப்ரல் 1-ந்தேதி பெரிய வங்கியோடு இணைந்து மறைந்தது. வினீத்தின் வேலை போனது அதற்கு அடுத்த மாதம். வேலையா, கிளப்பா என்று பிள்ளைகள் இருபது வயதில் முடிவு செய்ய வேண்டியிருக்கிறது. முழங்கால் ஒரு முறை பிசகினால் கிளப் ஒப்பந்தம் காற்றோடு போகும். பதிவேட்டில் கையெழுத்து விட்டுப்போனால் உத்தியோகம் போகும். ஒப்பந்தக் காலத்துக்குச் சம்பளமில்லா விடுப்பு, திரும்பி வந்தால் அதே நாற்காலி என்று விதியில் ஒரு வரி சேர்த்தால் அரசாங்கத்துக்கு ஒரு காசு நஷ்டமில்லை. பக்கத்து மேஜைக்காரருக்கும் தற்காலிக ஆள் கிடைப்பார்.

2018 ஏப்ரலில் கேரளம் கொல்கத்தாவில் வங்காளத்தை வென்று சந்தோஷ் டிராபியைக் கொண்டுவந்தபோது, அணியில் வேலை இல்லாமல் இருந்த 11 பேருக்கு அரசாங்க உத்தியோகம் அறிவிக்கப்பட்டது. ஊரே பாராட்டியது. அப்படி வேலை பெறும் ஒருவரை நாளை ஒரு பெரிய கிளப் அழைத்தால், அவர் எந்த விடுப்பில் போவார் என்பது அந்த அறிவிப்பில் இல்லை.