திருகை ஏற்றினால் தீருமா?



பள்ளி விடுமுறையில் பாகான் டத்தோவில் உள்ள என் மாமனார் இல்லத்திற்குச் சென்றிருந்தேன். தோட்ட வேலையிலிருந்து ஓய்வு பெற்ற அவரிடம் சிறிய படகு ஒன்று உண்டு. அதன் பின்புறம் மாட்டியிருப்பது 15 குதிரைத்திறன் கொண்ட, இரண்டு சிலிண்டர்கள் உள்ள பழைய டூ ஸ்ட்ரோக் மோட்டார். பேராக் ஆற்றின் முகத்துவாரத்தில் தூண்டில் போடுவது அவருக்குப் பெருவிருப்பம்.

அந்த மோட்டாரில் ஒரு கோளாறு. வேகம் கொடுத்தால் சீராக ஓடும். வேகத்தைக் குறைத்தாலோ குலுங்கும், இருமும், நின்றுவிடும். மெக்கானிக்குகள் இதனை ‘ஐட்லிங் சரியில்லை’ என்பார்கள். நாம் மென்னோட்டம் என்று கூறிக்கொள்வோம்.

மோட்டார் சைக்கிளில் கற்ற வைத்தியத்தை நான் செய்தேன். மென்னோட்ட வேகத்தைக் கூட்டும் திருகைச் சற்று ஏற்றினேன். இருமல் நின்றது; எனக்குப் பெருமையாகவும் இருந்தது. மறுநாள் காலை, கியர் போட்ட கணமே படகு துள்ளிப் பாய்ந்து துறையின் தூணில் மோதியது. முன்னால் அமர்ந்திருந்த என் மகன் நீரில் விழாமல் தப்பியது தெய்வாதீனம்.

மாமா என்னைக் கடிந்துகொள்ளவில்லை. “மாப்பிள்ளை, திருகை ஏத்தினா இருமல்தான் நிக்கும், நோய் நிக்காது” என்றார். பிறகு திருகைப் பழைய நிலைக்கே இறக்கிவிட்டு, வரிசையாகச் சோதிக்கத் தொடங்கினார்.

முதலில் எரிபொருள். தொட்டி மூடியின் காற்றுத் துளை திறந்திருக்கிறதா, அடியில் நீர் தங்கியிருக்கிறதா, குழாயில் வெடிப்பு உண்டா என்று பார்த்தார். மோட்டார் தடுமாறும்போது குழாயில் உள்ள ரப்பர்க் குமிழை அழுத்தினார். அழுத்தியதும் ஓட்டம் சீரானால், எரிபொருள் போதிய அளவு வரவில்லை என்று பொருள். இங்கு மாற்றமில்லை.

அடுத்து தீப்பொறி. மோட்டாரை நிறுத்தி இரண்டு பிளக்குகளையும் கழற்றினார். ஒன்று மற்றதைவிடக் கருத்து ஈரமாக இருந்தது. உடனே புதியது வாங்கச் சொல்லவில்லை. இரண்டையும் இடம் மாற்றிப் போட்டார். கோளாறு பிளக்கோடு சேர்ந்து இடம் மாறினால் குற்றம் பிளக்குடையது. அதுவும் மாறவில்லை. எண்ணெய்க் கலவையையும் விசாரித்தார். கையேடு 50க்கு 1 என்றால், 20 லிட்டர் பெட்ரோலுக்கு 400 மில்லிலிட்டர் எண்ணெய். அதற்கு மேல் ஊற்றினால் பிளக்கில் கரி பிடிக்கும்.

இறுதியில் கார்புரேட்டரைத் திறந்தார். மென்னோட்டத்தின்போது பெட்ரோல் ஊசிமுனை போன்ற மிகச் சிறிய துளை வழியாகவே செல்கிறது. வேகம் கூடும்போது வேறொரு பெரிய துளை அந்த வேலையை ஏற்றுக்கொள்கிறது. ஆகவேதான் சிறிய துளை அடைத்திருந்தாலும் வேகத்தில் குறை தெரிவதில்லை. பல மாதங்கள் தேங்கிக் கிடந்த பெட்ரோல் பிசினாகி அத்துளையை அடைத்திருந்தது. கம்பியால் குத்தினால் துளை பெரிதாகிவிடும் என்பதால், கார்புரேட்டர் கழுவும் திரவத்தாலும் காற்றாலும் சுத்தம் செய்தார். நீரில்லாமல் ஓட்டினால் மோட்டாரின் நீரிறைப்பான் கெட்டுவிடும். எனவே நீர் நிறைந்த பீப்பாயில் இறக்கி ஓட்டிப் பார்த்தார். இருமல் இல்லை. திருகைத் தொட வேண்டிய தேவையே எழவில்லை.

அன்று இரவு எனக்கு உறக்கம் வரவில்லை. நான்காம் ஆண்டில் நான் கற்பித்த மாணவன் ஒருவன் நினைவுக்கு வந்தான். வகுப்போடு சேர்ந்து வாசிக்கும்போது அவன் குரலே ஓங்கி ஒலிக்கும். தனியாகப் புதிய பத்தி ஒன்றைக் கொடுத்தால் தடுமாறுவான். நான் கூடுதல் பயிற்சிகளைக் கொடுத்தேன். பெற்றோர் துணைப்பாட வகுப்பில் சேர்த்தனர். ஒற்றைக் கொம்பு, இரட்டைக் கொம்பு வேறுபாடு அவனுக்கு முதலாம் ஆண்டிலிருந்தே பிடிபடவில்லை என்பதைக் கண்டறிய எனக்கு ஏழு மாதங்கள் ஆயின. அதற்குள் வாசிப்பதே தனக்கு வராது என்று அவன் முடிவு செய்துவிட்டான். அந்த அடைப்பை நீக்குவது எழுத்தைக் கற்பிப்பதைவிடக் கடினமாக இருந்தது.

2021ஆம் ஆண்டில் யு.பி.எஸ்.ஆர். தேர்வு அகற்றப்பட்டது. எனினும், திருகை ஏற்றும் பழக்கம் நம்மை விட்டு அகலவில்லை. பிள்ளை தடுமாறினால் இன்னொரு பயிற்சி நூல், இன்னொரு வகுப்பு என்றே ஓடுகிறோம். வேகத்தில் ஓடும் பிள்ளையைக் கண்டு மகிழ்கிறோம்; நிதானமாக, தனியாக வாசிக்கச் சொல்லிக் காது கொடுத்துக் கேட்க நமக்கு நேரமில்லை. அடைப்பு எங்கே என்பது அப்பொழுதுதானே தெரியும்?

ஆசிரியர்களே, வாரத்திற்கு ஐந்து மாணவரையாவது தனித்தனியே வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். பெற்றோர்களே, துணைப்பாட வகுப்பைத் தேடும் முன், பிள்ளை தடுமாறும் எழுத்து எதுவென்று எங்களிடம் கேளுங்கள். எங்களுக்குத் தெரியவில்லை என்றால், அதைக் கண்டறிவதே எங்கள் முதல் வேலை.

சிந்திப்போம்.