ஐந்து வாரமா, மூன்று வாரமா?



கருப்பைவாய்ப் புற்றுநோய்க்குக் கரண்ட், அதாவது கதிர்வீச்சு, வைக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னதும், பல வீடுகளில் எழும் கேள்வி, “எத்தனை நாள் வரணும்?” என்பதுதான். திங்கள் முதல் வெள்ளி வரை தினமும், ஐந்து வாரம். நாளுக்கு 1.8 கிரே (கதிரை அளக்கும் அலகு) வீதம் 25 தடவையில் 45 கிரே. கூடவே வாரம் ஒருமுறை சிஸ்பிளாட்டின் மருந்து. பிறகு உள்கதிர்வீச்சு. கூலி வேலையை விட்டு, பிள்ளைகளை யாரிடமாவது ஒப்படைத்துவிட்டு பஸ் ஏறும் பெண்ணுக்கு இது லேசான காரியமில்லை. இந்தியாவில் 2022இல் சுமார் 1,27,000 பெண்களுக்கு இந்த நோய் புதிதாகக் கண்டறியப்பட்டிருக்கிறது.

அந்த ஐந்து வாரத்தை மூன்றாக்கி, 15 நாளில் 40 கிரே கொடுத்தால் போதுமா என்று கனடா உள்ளிட்ட சில நாடுகளில் ஆராய்கிறார்கள். மார்பகப் புற்றுநோயில் இந்தக் குறுக்கம் எப்போதோ நடைமுறைக்கு வந்துவிட்டது.

இடுப்புக்குள் அது அவ்வளவு சுலபமில்லை. கருப்பைவாய்க்கு முன்னால் சிறுநீர்ப்பை, பின்னால் மலக்குடல், மேலே சுருண்டு கிடக்கும் சிறுகுடல். மேசையில் படுக்கும் முன் தண்ணீர் குடித்து சிறுநீரை அடக்கி வைக்கச் சொல்வது, நிரம்பிய பை குடலை மேலே தள்ளும் என்பதற்காகத்தான். கதிர் பட்ட நல்ல செல்கள் அடுத்த நாளுக்குள் தேறிக்கொள்ளட்டும் என்றே தினசரி அளவைச் சிறிதாக வைத்தார்கள். நாட்களைக் குறைக்க அந்த அளவைக் கூட்டினால் வரும் கெடுதல் உடனே தெரியாது. மலத்தில் ரத்தம், சிறுநீரில் ரத்தம் என்று வருடங்கள் கழித்துக்கூடத் தலைகாட்டலாம். ஆகவே சில மாத முடிவுகளை மட்டும் வைத்து, ‘குறுகியதே நல்லது’ என்று எழுத எனக்கு மனம் வரவில்லை. ஆனாலும் இந்த ஆய்வுகள் ஜெயிக்க வேண்டும் என்று மனதார விரும்புகிறேன். ஒருவருக்குப் பத்து நாள் குறைந்தால், வரிசையில் காத்திருக்கும் இன்னொருத்திக்கு மெஷின் சீக்கிரம் கிடைக்கும்.

அதுவரை, சிகிச்சையில் இருப்பவர்கள் தாங்களாக நாளைக் குறைத்துவிட வேண்டாம். உள்கதிர்வீச்சையும் சேர்த்து எல்லாம் எட்டு வாரத்துக்குள் முடிய வேண்டும். இழுத்துக்கொண்டே போனால் கட்டி மறுபடி தலைதூக்க இடம் கிடைத்துவிடும். வயிற்றுப்போக்கு வந்தால் ஊருக்குக் கிளம்பிவிடாமல் நர்ஸிடம் சொல்லுங்கள், மருந்து இருக்கிறது.

இந்த வாரங்களைக் கடந்து வந்த சகோதரிகளே, எங்கே தங்கினீர்கள், யார் துணைக்கு வந்தார்கள், செலவை எப்படிச் சமாளித்தீர்கள் என்று எங்களுக்கு எழுதுங்கள். பெயர் வேண்டாமென்றால் பெயரில்லாமலே வெளியிடுகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்