உடலும் பேசும்!

வாய் பேசாதபோதும் உடல் பேசும். இதைத் தொழிற்சாலையில் பயன்படுத்திக் காட்டியவர் ஒரு நடன ஆசிரியர்! பெயர் ருடால்ப் லாபன். 1938-ம் ஆண்டில் இங்கிலாந்தில் குடியேறியவர்.

இரண்டாவது உலகப் போரில் ஆண்கள் போர்முனைக்குப் போனார்கள். கனமான வேலைகள் பெண்கள் தலையில் விழுந்தன. லாரன்ஸ் என்ற தொழில் நிபுணருடன் சேர்ந்து, லாபன் அந்தப் பெண்களின் அசைவுகளைக் கவனித்தார். கை வலுவை மட்டும் நம்பாமல், உடம்பை வீசி ஆட்டிப் பாரம் தூக்கக் கற்றுக் கொடுத்தார்.

அவருடைய மாணவர் வாரன் லாம்ப், அதிகாரிகளைக் கவனித்தார். முடிவு எடுப்பதில் மூன்று படிகள் உண்டு என்றார். விஷயத்தை ஆராய்வது, உறுதி கொள்வது, காரியத்தில் இறங்குவது. ஒருவர் எந்தப் படியில் அதிகம் நிற்பார் என்பதை, அவர் உடம்பும் கையும் சேர்ந்து அசையும் விதம் காட்டும் என்பது அவர் கருத்து.

ஆகவே, யோசிப்பவரைச் சோம்பேறி என்று ஏசக்கூடாது. வேகமாகச் செய்பவரை அவசரக்காரர் என்று ஒதுக்கக்கூடாது. ஒருவர் ஆராயட்டும்; மற்றவர் செய்து முடிக்கட்டும்.

ஆனால், ஓர் அசைவை மட்டும் பார்த்து ஒருவரை எடை போடலாமா? கூடாது! லாம்ப் நெடுநேரம் பேசவிட்டுக் கவனித்த பிறகே கருத்துச் சொன்னார். கைகட்டி நிற்பவருக்கு வெறும் குளிராகவும் இருக்கலாம். அதற்காக அவர் பிழைப்பில் மண் விழலாமா?

மேலதிகாரிகளே! உடலைப் பாருங்கள். வாயையும் பேச விடுங்கள்.