படிப்புக் கங்காணிகள்

சென்ற மாதம் நம் தோழர்கள் கூடிய ஒரு கூட்டத்தில் தீர்மானம் ஒன்று போட்டார்கள். தனியார் கல்லூரிகளுக்கு ஆள் பிடிக்கிற புரோக்கர்களைக் காலனிக்குள் விடக்கூடாது. மீறி வந்தால் மறித்துத் திருப்பி அனுப்ப வேண்டும். அதில் நம்ம ஆள் எவனாவது இருந்தால் அவனைத் துரோகி என்று அறிவிக்க வேண்டும். கை தட்டினார்கள். நானும் தட்டினேன். தட்டிவிட்டு வீட்டுக்கு வந்து படுத்தால் தூக்கம் வரவில்லை. அந்தத் துரோகிகளில் ஒருத்தனோடு நான் ரெண்டு வருசமாகப் பஸ்ஸில் போய்க்கொண்டிருக்கிறேன்.

அவன் பேர் வேண்டாம். விழுப்புரம் பக்கத்துக் காலனிப் பையன். அவனே இப்படி ஒரு கல்லூரியில் மெக்கானிக்கல் படித்து, ரெண்டு பேப்பர் அரியரோடு வெளியே வந்து, மூணு வருசம் வேலை தேடி, கடைசியில் படித்த கல்லூரி மாதிரியே இன்னொரு கல்லூரியில் வேலைக்குச் சேர்ந்தவன். விசிட்டிங் கார்டில் 'அட்மிஷன் கவுன்சிலர்' என்று போட்டிருக்கும். டை கட்டியிருப்பான். மே மாத வெயிலில் அந்த டையைப் பார்த்தால் நமக்கே மூச்சு முட்டும். சம்பளம் ஒன்பதாயிரம். சீசனுக்கு நாற்பது தலை சேர்க்க வேண்டும். தலை என்றுதான் சொல்கிறார்கள், மாணவர் என்று இல்லை. குறைந்தால் சம்பளத்தில் பிடிப்பார்கள்.

நான் ஞாயிற்றுக்கிழமைகளில் விண்ணப்பம் நிரப்பிக் கொடுக்கப் போவேன். அவன் ஆள் பிடிக்கப் போவான். ஒரே பஸ், ஒரே ஊர், ஒரே காலனி. முதல் தடவை சண்டை போட்டுக்கொண்டோம். ரெண்டாம் தடவை டீ குடித்தோம்.

அவன் கல்லூரி ஆபீசில் ஒரு பட்டியல் இருக்கிறதாம். கம்ப்யூட்டரில் ஊர் ஊராகப் பிரித்து, சில ஊர்களுக்கு நேரே 'எஸ்.சி. ஏரியா' என்று போட்டிருப்பார்களாம். அந்த ஊர்களெல்லாம் இவனுக்கு. டவுன் பள்ளிக்கூடங்களுக்கு சீனியர் கவுன்சிலர் காரில் போவார். தலைமையாசிரியர் அறையில் ஏசியில் உட்கார்ந்து பேசி, சாப்பிட்டுவிட்டு வருவார். இவனுக்குப் பஸ். தோளில் பதினைந்து கிலோ பை, உள்ளே பளபளவென்று நோட்டீஸ்கள். நோட்டீஸில் லேப்டாப்பும் கையுமாகச் சிரிக்கிற நாலு சிவத்த பிள்ளைகள். அந்த நாலில் ஒன்றுகூட அந்தக் கல்லூரியில் படித்ததில்லை என்று அவனே சொன்னான்.

பஸ் காலனி நிறுத்தத்தில் நிற்காது. ஊர்த் தெருவில் நிற்கும். இது ஒன்றும் புதிதில்லை. தமிழ்நாட்டுப் பஸ்ஸுக்கும் நமக்கும் உள்ள உறவு எப்படிப்பட்டது என்று தெரிய வேண்டுமானால் 1997ஐ நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு போக்குவரத்துக் கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கம் பேரை வைத்தார்கள். அந்தப் பஸ்ஸில் ஏற மாட்டோம் என்று ஆதிக்கசாதி கலவரம் பண்ணியது. கடைசியில் எல்லாத் தலைவர்கள் பேரையும் எல்லாப் பஸ்ஸிலிருந்தும், மாவட்டங்களிலிருந்தும் சேர்த்து எடுத்தது அரசு. ஒரு தலித் பேரைத் தாங்க முடியாமல் பெரியார் பேரையே பலி கொடுத்த நாடு இது. இதில் காலனி முன்னால் பஸ் நிற்குமா?

ஊர்த் தெருவில் இறங்கி அந்தப் பையோடு நடக்க வேண்டும். டை கட்டின ஆளைப் பார்த்ததும் திண்ணையில் இருக்கிறவர் தண்ணி கொடுப்பார். "எந்த ஊரு தம்பி? யாரு ஊட்டுப் புள்ள?" இவன் ஊர்ப் பேரைச் சொல்வான். அடுத்த கேள்வி, "அங்க எந்தத் தெரு?" அந்த ரெண்டு கேள்விக்கு நடுவில்தான் சொம்பு கைக்கு வரும், அல்லது வராமல் போகும். 1901இல் மசூர் ஸ்டேஷனில் இறங்கின சின்னப் பையன் அம்பேத்கருக்கும் அவர் அண்ணனுக்கும் இதுதான் நடந்தது. நல்ல துணி, நல்ல தொப்பி, ஸ்டேஷன் மாஸ்டர் அன்பாகப் பேசினார், சாதி தெரிகிற வரைக்கும். நூற்றியிருபது வருசம் தாண்டியும் கேள்வியின் வார்த்தை மட்டும்தான் மாறியிருக்கிறது.

இதையெல்லாம் தாண்டிக் காலனிக்குப் போனால் நாற்காலி போடுவார்கள். "அந்த நாற்காலிதான் என்னைக் கொல்லுதுண்ணா" என்றான் ஒரு நாள். தன் அம்மா மாதிரி இருக்கிற ஒருத்தி, கூலிக்குப் போய்விட்டு வந்த காலோடு, பக்கத்து வீட்டில் நாற்காலி இரவல் வாங்கி வந்து போட்டு, சோடா வாங்க ஆள் அனுப்பி, "புள்ளைய உங்களை நம்பித்தான் அனுப்பறேன்" என்று சொல்லும்போது, அவன் வாயில் கல்லூரி சொல்லிக் கொடுத்த மனப்பாடம் ஓட வேண்டும். ஹாஸ்டல், வேலை, கம்பெனிகள் கேம்பஸுக்கே வரும்... வராது என்று அவனுக்குத் தெரியும். அவனே சாட்சி.

திரும்பும்போது கடைசிப் பஸ் போயிருக்கும். லாட்ஜுக்குக் காசு தர மாட்டார்கள். பஸ் ஸ்டாண்டிலோ சர்ச் தாழ்வாரத்திலோ படுப்பான். டிக்கெட்டைத் தாளில் ஒட்டி அனுப்பினால்தான் பஸ் காசு வரும். ஷேர் ஆட்டோக்காரர் டிக்கெட் தருவாரா? அது கைநட்டம். போன வருசம் மட்டும் இப்படி ஆறாயிரம் போச்சு என்று கணக்கு வைத்திருக்கிறான்.

மருந்துக் கம்பெனி ரெப் அலையவில்லையா, இன்சூரன்ஸ் ஏஜெண்ட் அலையவில்லையா என்று ஒரு தோழர் கேட்டார். அலைகிறார்கள். ஆனால் தோழரே, மருந்து விற்கிறவனை அவன் பிறப்பைப் பார்த்து வேலைக்கு எடுப்பதில்லை. இவனை எடுத்ததே சேரிக்குள் போக ஒரு சேரிக்காரன் வேண்டும் என்பதற்காக. வேறு எந்த வேலைக்கும் அவன் சாதி தகுதிக் குறைவு. இந்த வேலைக்கு மட்டும் அதுதான் தகுதி.

இந்த ஏற்பாட்டுக்கு வரலாறு இருக்கிறது. இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்கும் மலேயா ரப்பர் தோட்டத்துக்கும் நம் பாட்டன் பூட்டனைக் கூட்டிப் போனது வெள்ளைக்காரத் துரை இல்லை. கங்காணி. சொந்த ஊர்க்காரன், பல நேரம் சொந்த சாதிக்காரன், பங்காளி. வேட்டி கட்டி, துண்டு போட்டு, நாலு காசைக் காட்டி, அங்கே தேங்காயும் மாசியும் கொட்டிக் கிடக்கு என்று சொல்லிக் கூட்டிப் போனவன். தலைக்கு இவ்வளவு என்று அவனுக்குக் காசு. துரைக்கு ஊர் தெரியாது, பாஷை தெரியாது, சேரிக்குள் கால் வைக்க முடியாது. கங்காணிக்கு முடியும். வால்பாறைக் காட்டை அழித்துத் தேயிலை போட்டபோது இதே வேலையைச் செய்தவன் மேஸ்திரி. 'எரியும் பனிக்காடு' படித்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இன்றைய துரைகள் கல்வித் தந்தைகள். அவர்களுக்கும் சேரிக்குள் கால் வைக்க முடியாது. ஆனால் சேரிப் பிள்ளையின் பேரில் வருகிற பணம் மட்டும் வேண்டும்.

எந்தப் பணம்? இதைத் தெளிவாகப் பேச வேண்டும். நம் கூட்டங்களில் 'கல்வி வணிகம்' என்று சொல்லிவிட்டுத் தாண்டிப் போகிறோம். 1944இல், அம்பேத்கர் வைஸ்ராய் நிர்வாகக் குழுவில் இருந்த காலத்தில் தொடங்கியது தாழ்த்தப்பட்ட மாணவர்களுக்கான மேல்படிப்பு உதவித்தொகை. தமிழ்நாட்டில் சுயநிதிப் பொறியியல் கல்லூரிகள் 1984இல் கடை திறந்தபோது நம் பிள்ளைகள் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்க முடியாது. 2012இல் நிலைமை மாறியது. சுயநிதிக் கல்லூரியில் படிக்கிற ஆதிதிராவிட, பழங்குடி மாணவர்களின் கட்டாயக் கட்டணத்தை அரசே கொடுக்கும் என்று அரசாணை வந்தது. நல்ல ஆணை. நம் போராட்டத்தால் வந்த ஆணை. ஆனால் அதை நம் சனங்களுக்கு முன்னால் படித்தது யார்? காலி சீட்டோடு ஈ ஓட்டிக்கொண்டிருந்த முதலாளிகள் படித்தார்கள். நிர்வாக ஒதுக்கீட்டுக்கும் பணம் வரும் என்று தெரிந்ததும் சேரிக்கு வண்டி கிளம்பியது. அதுவரைக்கும் நாம் தீட்டு. அன்றிலிருந்து நாம் கன்பார்ம் பேமெண்ட்.

2018இல் மத்திய அரசு நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்தால் உதவித்தொகை கிடையாது என்று விதி எழுதியது. திருடனைத் தண்டிக்கிறேன் என்று பறிகொடுத்தவனைத் தண்டித்த கதை. அதே வருசம் பொறியியல் கலந்தாய்வு ஆன்லைனுக்குப் போனது. அதற்கு முன்னால் எல்லாரும் கிண்டிக்கு வர வேண்டும். அழைப்புக் கடிதத்தைக் காட்டினால் பஸ்ஸில் பாதி டிக்கெட், கூட வருகிற ஒருத்தருக்கும் சேர்த்து. அந்த அலைச்சல் போனது நல்லதுதான். ஆனால் கிண்டி வாசலில் நின்ற புரோக்கர் இப்போது வீட்டு வாசலுக்கே வந்துவிட்டான். "ஓடிபி சொல்லுங்க, நானே சாய்ஸ் போட்டுத் தரேன்." போனில் வந்த ஆறு எண்ணைச் சொன்ன நிமிசத்தில் பிள்ளையின் நாலு வருசம் போய்விடுகிறது.

2020 டிசம்பரில் இன்னொரு திருத்தம். பணம் மாணவர் கணக்குக்கே நேராக வரும் என்றார்கள். நான் வங்கி குமாஸ்தா. அதன் முடிவைக் கவுண்டரில் உட்கார்ந்து பார்க்கிறேன். பிள்ளை பணம் எடுக்க வரும். பக்கத்தில் கல்லூரி ஆள் நிற்பான். நான் நோட்டை எண்ணி அந்தப் பெண்ணிடம் கொடுக்கிறேன், அவள் எண்ணாமலே அவனிடம் கொடுக்கிறாள். சில பேருக்கு ஆதார் வேறு கணக்கோடு இணைந்திருக்கும், பணம் எங்கே போனது என்றே தெரியாது. சில பேர் கணக்கு ரெண்டு வருசம் தொடாமல் முடங்கியிருக்கும். பணம் வரத் தாமதமானால் ஹால் டிக்கெட் தர மாட்டோம் என்கிறது கல்லூரி. அப்பன் கந்துக்குப் போகிறான். கல்விக்கடன் நாலு லட்சம் வரைக்கும் சொத்து ஜாமீன் கேட்கக்கூடாது என்பது என் மேஜையில் இருக்கிற சுற்றறிக்கை. அதைக் கேட்டு வந்தவர்களை என் மேஜையிலிருந்தே "அப்புறம் வாங்க" என்று திருப்பி அனுப்பியதையும் பார்த்திருக்கிறேன். சும்மா இருந்திருக்கிறேன். இதையும் எழுதித்தான் ஆக வேண்டும்.

இனி அந்தப் பெண் விசயம். தீர்மானத்துக்கு என் பதில் அதில்தான் இருக்கிறது.

பன்னிரண்டாம் வகுப்பில் கணக்கில் நல்ல மார்க். அரசுக் கல்லூரியில் பி.எஸ்சி. கணக்கு படிக்க வேண்டும், டீச்சராக வேண்டும் என்று ஆசை. நம்ம பையன் போய்ப் பேசினான். அப்பன் கையெழுத்துப் போட்டான். அசல் சான்றிதழ்களை வாங்கிப் போய்க் கல்லூரியில் வைத்துவிட்டான். பத்து நாள் கழித்து அந்தப் பெண் என்னிடம் அழுதாள். சாதிச் சான்றிதழை இ-சேவையில் மறுபடி எடுத்துக்கொள்ளலாம். டி.சி.தான் கழுத்துக் கயிறு, அது இல்லாமல் வேறு எங்கும் சேர முடியாது. அசலைக் கல்லூரி பிடித்து வைக்கக்கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018இல் அறிவித்திருக்கிறது. போனேன். ஒரு வருசக் கட்டணத்தைக் கட்டிவிட்டு வாங்கிக்கொள் என்றார்கள். ரெண்டாம் தடவை மானேஜர் இல்லை என்றார்கள். அரை நாள் லீவு, நாலு பஸ், வெயில்.

அன்றைக்கு ராத்திரி அந்தத் துரோகி எனக்குப் போன் பண்ணினான். "ண்ணா, வியாழக்கெழம முதலாளி வருவாரு. அன்னைக்கு ஆபீஸ்ல எல்லாரும் பயந்து கெடப்பாங்க. அறிவிப்போட காப்பியையும், ஆதிதிராவிடர் நல அலுவலருக்குக் குடுத்த மனு காப்பியையும் எடுத்துக்கினு வந்துருங்க. எம் பேர மட்டும் சொல்லிறாதீங்க." வியாழக்கிழமை போனோம். 'சொந்த விருப்பத்தில் விலகுகிறேன்' என்று எழுதி வாங்கிக்கொண்டு டி.சி.யைத் தூக்கிப் போட்டார்கள். கையில் கொடுக்கவில்லை, மேஜையில் போட்டார்கள். அந்த மாதம் அவன் சம்பளத்தில் ஒரு தலை குறைந்தது.

இவனைத்தான் மறித்துத் திருப்பி அனுப்பப் போகிறீர்களா? அனுப்புங்கள். அடுத்த வாரம் அதே பையோடு இன்னொரு காலனிப் பையன் வருவான், அரியரோடு, ஒன்பதாயிரத்துக்கு. வண்டியை மறிக்க வேண்டிய இடம் காலனி முனை இல்லை, கல்லூரி வாசல். அங்கே மறித்தால் போலீஸ் வரும், கேஸ் வரும், முதலாளிக்கு எல்லாக் கட்சியிலும் ஆள் இருக்கிறது. காலனி முனையில் மறித்தால் ஒன்றும் வராது. அதனால்தான் தீர்மானம் அவ்வளவு சுலபமாக நிறைவேறியது.

இன்னொன்றும் கேட்கிறேன். அவன் போன அத்தனை காலனிகளிலும் அவனுக்கு முன்னால் போனது யார்? மே, ஜூனில் நாம் எங்கே இருந்தோம்? என் கவிதைத் தொகுப்பு வெளியீட்டு விழா ஒரு மே மாத ஞாயிற்றுக்கிழமை நடந்தது. நூறு பேர் வந்தீர்கள். ஒடுக்கப்பட்டவனின் மொழி என்று மூணு மணி நேரம் பேசினோம். அந்த நூறு பேர் நூறு காலனிக்குப் போயிருந்தால், ஒரு பேனாவோடும் அரசாணை நகலோடும் போயிருந்தால்? 2018 மே 6ஆம் தேதி, நீட் எழுத மகனைக் கூட்டிக்கொண்டு திருத்துறைப்பூண்டியிலிருந்து எர்ணாகுளம் போன ஒரு தகப்பன் அங்கேயே மாரடைப்பில் செத்தார். மகன் பரீட்சை எழுதிக்கொண்டிருந்தான். அன்றைக்கு ஆவேசமாகக் கவிதை எழுதினோம். பரீட்சைக்குப் போகிற பிள்ளைகளோடு கூடப் போக ஒரு ஆள் பட்டியல் போட நமக்குத் தோன்றவில்லை.

தீர்மானத்தைத் திருத்தி எழுதச் சொல்கிறேன். அசலைப் பிடித்து வைத்திருக்கிற கல்லூரி வாசலில் உட்காருவது. ஓடிபியை எவனிடமும் சொல்லாதே என்று ஒவ்வொரு வீட்டிலும் சொல்வது. அந்தப் பையன்களைக் கூப்பிட்டுப் பேசுவது, எந்தக் கல்லூரியில் எத்தனை டி.சி. கிடக்கிறது என்று அவர்களுக்குத்தான் தெரியும். துரோகி என்று சொல்லி அந்த வாயை அடைத்துவிடாதீர்கள்.

அந்தப் பெண்ணுக்குக் கடைசிச் சுற்றில் அரசுக் கலைக் கல்லூரியில் ரெண்டாம் ஷிப்டில் இடம் கிடைத்தது. வகுப்பு முடிந்து ஊருக்கு ஒரே பஸ். காலனி நிறுத்தத்தில் அது நிற்பதில்லை. ஊர்த் தெருவில் இறங்கி இருட்டில் ஒன்றரைக் கிலோமீட்டர் நடக்கிறாள், ரெண்டு பையன்கள் தினமும் பின்னாலேயே வருகிறார்கள். டிப்போவுக்கு ரெண்டு மனு கொடுத்தாயிற்று. வருகிற திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு மூணாவது மனுவோடு போகிறோம். நான் லீவு சொல்லிவிட்டேன். அவனும் வருகிறான், டை கட்டாமல்.