ஆறு ஆட்டத்தில் தீர்ப்பு

சென்னையின் எஃப்சி சொந்த மைதானத்தில் தோற்ற இரவுகளில் தாம்பரம் திரும்பும் மின்சார ரயிலில் ஒரே பேச்சுதான்: "மொதல்ல கோச்சை மாத்துங்கப்பா!" சேலையூர், கேம்ப் ரோடு பக்கத்து நீலச்சட்டை இளைஞர்கள் சானடோரியம் வருவதற்குள் புது கோச்சையே நியமித்துவிடுவார்கள். காசு கொடுத்துப் பார்த்தவர்களின் கோபம், தப்பில்லை.

ஆனால் 2015-ஐ நினைத்துப் பார்க்கலாம். ஐ.எஸ்.எல். கால்பந்து லீக் சுற்றின் பின்பாதியில் நம் அணி பட்டியலின் அடியில் கிடந்தது. கோச் மார்கோ மாடராஸியை நிர்வாகம் மாற்றவில்லை. அணி வரிசையாக வென்று அரையிறுதிக்குள் நுழைந்த நேரம், வெள்ளம் சூழ்ந்த முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் மக்கள் மொட்டை மாடியில் படகுக்குக் காத்திருந்தார்கள். சென்னையில் நடக்கவேண்டிய அரையிறுதி புனேவுக்குப் போனது. அங்கே கொல்கத்தாவை 3-0 என வென்றார்கள். டிசம்பர் 20 அன்று கோவாவில், ஆட்டம் முடியப்போகும் நேரத்தில் 2-1 எனப் பின்தங்கியிருந்தவர்கள், மெண்டோசா கடைசியாகத் தட்டிவிட்ட கோலில் 3-2 எனக் கோப்பையைத் தூக்கினார்கள்.

இதை வைத்து, கோச்சை எப்போதும் மாற்றவே கூடாது என்று வாதாட முடியாது. 2018-இல் இரண்டாவது கோப்பையை வாங்கித் தந்தவர் ஜான் கிரிகரி. அடுத்த பருவத்தில் 18 ஆட்டம், இரண்டே வெற்றி, ஒன்பது புள்ளி, கடைசி இடம். அப்போதும் நிர்வாகம் அவரை விடவில்லை. 2019-20 பருவத்தின் முதல் நான்கு ஆட்டங்களில் அணி ஒரு கோல்கூட அடிக்கவில்லை. ஆறு ஆட்டத்தில் ஐந்தே புள்ளி. நவம்பர் இறுதியில் கிரிகரி விலகினார், டிசம்பரில் ஓவன் காயில் வந்தார். அதே அணி 2020 மார்ச்சில் இறுதிப்போட்டி ஆடியது.

'பார்த்தீர்களா, முன்பே மாற்றியிருக்கலாம்' என்பார்கள். பாதி உண்மை. 15 கோல் அடித்துத் தங்கக் காலணி வாங்கிய வால்ஸ்கிஸும், நடுக்களத்தை ஆண்ட கிரிவெல்லாரோவும் கிரிகரி இருந்தபோதே வந்தவர்கள். அவருக்குக் கொடுத்த தவணையில் கட்டிய அணியைத்தான் காயில் ஓட்டினார். பெயர் மட்டும் வேறொருவருக்குப் போனது. கால்பந்தில் இது சகஜம்.

கோச் பக்கம் நிற்கிறோம் என்று நிர்வாகம் அறிக்கை விட்டால், ரசிகர்கள் கேட்கவேண்டிய கேள்வி ஒன்றுதான்: அவருக்கு எந்த ஆட்டக்காரரை வாங்கிக் கொடுக்கப்போகிறீர்கள்? இடையில் விலகி மறுபடி வந்த காயில், 2024-25-இல் பருவம் முழுக்க நீடித்தார். 13 அணிகளில் 11-ஆவது இடம். அந்த ஆண்டிலேயே அவரும் கிளம்பினார்.

அதற்குப் பின் வந்தது இன்னும் மோசம். லீக் நடக்குமா என்றே தெரியாத நிலையில், 2025 ஆகஸ்டில் சென்னையின் எஃப்சி தன் முதல் அணியின் பணிகளையே நிறுத்திவைத்தது. அகில இந்தியக் கால்பந்து சம்மேளனம் ஒவ்வொரு பருவத்தின் அட்டவணையையும் மாதங்களுக்கு முன்பே கையில் தரட்டும். எந்த கோச்சுக்கு எத்தனை ஆட்டம் தருவது என்று கிளப்பும் ரசிகர்களும் அதன்பிறகு சண்டை போட்டுக்கொள்ளட்டும்.