பலகைத் தரை இடுமுன்

வீடு கட்டுவோர் சுவரைப் பற்றியும் கூரையைப் பற்றியும் பல நாள் ஆராய்கின்றனர். தரையைப் பற்றிய முடிவையோ கடைக்குள் நுழைந்த அரை மணியில் செய்துவிடுகின்றனர். குழந்தை தவழ்வதும், முதியோர் ஊன்றி நடப்பதும், விருந்தினரை அமர்த்தி இலையிடுவதும் தரையின் மீதுதானே! ஆதலின், திருவனந்தபுரத்துத் தமிழ்க் குடும்பங்கள் பல இப்போது விரும்பிக் கேட்கும் ‘லேமினேட்’ பலகைத் தரையைக் குறித்து இத்திங்கள் சில செய்திகளைக் கூற விழைகிறோம்.

அழகிய தரை இந்நாட்டிற்குப் புதிதன்று. 1795ஆம் ஆண்டு வரை திருவிதாங்கூரின் தலைநகராக விளங்கிய பத்மநாபபுரத்திற்குச் சென்று வந்த அன்பர்கள், அங்குள்ள அரண்மனையின் கரிய தரையைக் கண்டிருப்பர். சுண்ணாம்பும் சிரட்டைக்கரியும் முட்டையின் வெண்கருவும் கலந்து இழைத்தது என்று அதனைக் கூறுவர். முகம் தெரியும்படி அது இன்றும் பளபளக்கிறது. செட்டிநாட்டின் ஆத்தங்குடிக் கற்களும், நம் பாட்டன்மார் வீடுகளில் இருந்த காவி வண்ணச் சிமெண்டுத் தரையும் இவ்வாறே பெயர் பெற்றவை. இவற்றுக்கெல்லாம் பொதுவான இயல்பு ஒன்று உண்டு. நீரைத் தொட்டுத் துடைத்தால் இவை கெடுவதில்லை. துடைக்கத் துடைக்க மெருகேறும். லேமினேட் தரையோ நீருக்கு அஞ்சும் தரை. இந்த ஒரு வேறுபாட்டை மனத்திற் கொண்டால், பின்வரும் அறிவுரைகள் அனைத்தும் எளிதில் விளங்கும்.

இத்தரையை 1977ஆம் ஆண்டில் உருவாக்கியவர்கள் சுவீடன் நாட்டுப் பெர்ஸ்டார்ப் நிறுவனத்தார். ‘பெர்கோ’ என்னும் பெயரால் அது உலகெங்கும் பரவிற்று. தொடக்கத்தில் பலகைகளைப் பசை கொண்டு ஒட்டினர். 1990களின் பிற்பகுதியில், பசையின்றி ஒன்றோடொன்று கொளுவிப் பூட்டும் முறை வந்தது. பார்வைக்குத் தேக்கு போலவும் ஈட்டி போலவும் தோன்றினும், மேலே தெரியும் அம்மரவரி உண்மையில் காகிதத்தில் அச்சிட்ட படமே. அப்படத்தின் மேல் மெலமின் பிசினும், தேய்வைத் தாங்கும் அலுமினியம் ஆக்ஸைடும் சேர்ந்த மெல்லிய காப்பு இருக்கிறது. கீழே இருப்பது மரநாரைப் பிசினுடன் அழுத்திச் செய்த அடர்ந்த பலகை. மேற்பரப்பு உறுதியானது. ஆயினும் பலகையின் ஓரத்தில் ஈரம் புகுந்தால் உள்ளிருக்கும் மரநார் உப்பிவிடும். உப்பிய பலகை உலர்ந்த பின்னும் பழைய வடிவிற்கு வருவதில்லை; அதனைப் பெயர்த்தெடுத்து மாற்றுவதே வழி.

திருவனந்தபுரமோ ஆண்டில் இரு பருவமழை காணும் ஊர். சூன் முதல் வாரத்தை ஒட்டித் தென்மேற்குப் பருவமழை தொடங்குகிறது. ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழை வருகிறது. மழை இல்லாத நாளிலும் கடற்காற்றின் ஈரம் உண்டு. 2023ஆம் ஆண்டு அக்டோபரில் பெய்த பெருமழையில், நகரின் தாழ்ந்த பகுதிகளில் வீடுகளுக்குள்ளேயே வெள்ளம் புகுந்ததை அன்பர்கள் மறந்திரார். அத்தகைய இடங்களில் கீழ்த்தளத்து வீடு உடையோர் இத்தரையை நாடாதிருப்பதே நன்று. ஒருமுறை நீரில் மூழ்கினால் செலவிட்ட பொருள் முழுவதும் வீணாகும். அவர்களுக்கு ஓடோ மொசைக்கோ காவித் தரையோ பொருந்தும். கழக்கூட்டம் முதலிய இடங்களில் அடுக்குமாடி வீடுகளின் மேல்தளங்களில் வாழ்வோர் தக்க காப்புடன் இதனை இட்டுக்கொள்ளலாம்.

இனி, பணி நடக்கும்போது வீட்டார் கவனிக்க வேண்டியவற்றைக் கூறுவோம். முதலாவது, அடித்தரையின் ஈரம். புதிதாக இட்ட காங்கிரீட் மேலே உலர்ந்தது போல் தோன்றினும் உள்ளே பல வாரங்கள் ஈரமாகவே இருக்கும். ஒரு முழ அளவுள்ள பாலிதீன் தாளைத் தரையில் விரித்து, நான்கு ஓரங்களையும் காற்றுப் புகாமல் ஒட்டி, ஒரு நாள் கழித்து எடுத்துப் பாருங்கள். தாளின் அடியில் நீர் முத்துகள் காணப்பட்டாலோ, தரை கறுத்திருந்தாலோ, பணியைத் தள்ளி வைப்பதே அறிவுடைமை. காணப்படாவிடினும், ஈரமானியால் அளந்து உறுதி செய்துகொள்வது மேலும் நன்று.

இரண்டாவது, மட்டம். இரண்டு மீட்டர் நீளமுள்ள மட்டப்பலகையைத் தரையின் மேல் வைத்துப் பார்த்தால், இடையே 3 மில்லிமீட்டருக்கு மேல் பள்ளம் தெரிதல் ஆகாது. பள்ளத்தின் மேல் இட்ட பலகை நடக்குந்தோறும் தாழ்ந்து எழும். நாளடைவில் அதன் பூட்டு முறியும். கொத்தனாரைக் கொண்டு முதலில் தரையை நிரவிவிடுதல் வேண்டும்.

மூன்றாவது, பலகைகளைப் பிரிக்காமல், இடப்போகும் அறையிலேயே 48 மணி நேரம் படுக்கை நிலையில் வைத்திருத்தல் வேண்டும். அறையின் வெப்பத்திற்கும் ஈரத்திற்கும் அவை பழகிய பின்னரே இட வேண்டும். கடையிலிருந்து வந்த அன்றே பணியை முடித்துத் தருவதாகச் சொல்வோரிடம் எச்சரிக்கையாக இருங்கள்.

நான்காவது, அடிவிரிப்பு. காங்கிரீட்டின் மேல் 0.2 மில்லிமீட்டர் கனமுள்ள பாலிதீன் தாளை, ஓரங்கள் ஒரு சாண் அளவு ஒன்றன்மேல் ஒன்று படியுமாறு விரித்து ஒட்டுவர். அதன்மேல் 2 அல்லது 3 மில்லிமீட்டர் கனமுள்ள மெத்தென்ற விரிப்பு வரும். ‘மேல்தளந்தானே, தாள் எதற்கு?’ என்று சொல்லிச் சிக்கனம் செய்ய இடங்கொடுத்தல் கூடாது.

ஐந்தாவது, சுவரோர இடைவெளி. இத்தரை ஆணியால் அறையப்படுவதன்று. அடித்தரையின் மேல் தனியே கிடப்பது. மழைக்காலத்தில் விரியும், கோடையில் சுருங்கும். ஆதலின் நாற்புறமும் 8 முதல் 10 மில்லிமீட்டர் வரை இடைவெளி விட்டு, அதனைச் சுவரடிப் பட்டையால் மறைப்பர். அப்பட்டையைச் சுவரில் அறைய வேண்டுமேயன்றித் தரையில் அறைதல் ஆகாது. இடைவெளி இன்றி இறுக இட்டால், ஆனி மாத மழையில் தரை நடுவே கூடாரம் போல் எழும்பி நிற்கும். அடுத்தடுத்த வரிசைகளின் குறுக்கு மூட்டுகள் ஒரே நேர்கோட்டில் அமையாமல், ஓரடியேனும் தள்ளி அமைதல் வேண்டும்.

கணக்கும் பார்த்துக்கொள்ளுங்கள். பன்னிரண்டடிக்குப் பத்தடி அறை 120 சதுர அடி. வெட்டுச் சேதத்திற்கு நூற்றுக்குப் பத்து சேர்த்து 132 சதுர அடி வாங்க வேண்டும். எஞ்சும் இரண்டொரு பலகைகளைப் பத்திரப்படுத்தினால் பழுது நேரும்போது உதவும். தேய்வைத் தாங்கும் தரத்தை ‘ஏசி’ என்ற எழுத்துகளும் எண்ணும் காட்டும். வீட்டிற்கு ஏசி3 போதும். கடைக்கும் அலுவலகத்திற்கும் ஏசி4 வேண்டும். குழந்தைகள் உள்ள வீட்டார், பலகையிலிருந்து வெளிப்படும் ஃபார்மால்டிஹைடு குறைவு என்பதைக் காட்டும் ‘ஈ1’ குறியையும் கேட்டு வாங்குக. ‘நீர் தாங்கும்’ என்று விற்கப்படும் வகைகள், மேலே சிந்திய நீரைச் சில மணி நேரம் பொறுக்கும். அடியிலிருந்து ஏறும் ஈரத்தையும் அவை பொறுக்கும் என்று நம்பிவிடுதல் கூடாது. மரநார் உள்ள எப்பொருளுக்கும் கறையான் பகை. ஆதலின் பழைய வீடாயின் முதலில் கறையானைப் போக்குதல் வேண்டும்.

நம் இல்லங்களின் பழக்கங்களையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். வெள்ளிக்கிழமைதோறும் வாளி நீர் ஊற்றி வீட்டைக் கழுவுவது நம் பெண்டிரின் வழக்கம். லேமினேட் தரையை அவ்வாறு கழுவலாகாது. நன்கு பிழிந்த துணியால் துடைத்து உடனே உலர விடுதலே முறை. பூசையறை, அடுக்களை, குளியலறை, கோலமிடும் வாசல் ஆகியவற்றுக்கு ஓட்டுத் தரையே ஏற்றது. படுக்கையறையிலும் கூடத்திலும் இதனை இடலாம். வீட்டின் மூத்தோரைக் கலந்து கொள்ளாமல் இதனை முடிவு செய்தால், தரைக்கும் கேடு, அவர்கள் மனத்திற்கும் வருத்தம்.

வாடகை வீட்டில் இருப்போர் வீட்டுக்காரரின் இசைவை எழுத்தில் பெறுக. கொளுவிப் பூட்டிய தரை ஆதலால், வீடு மாறும்போது கழற்றி எடுத்துச் செல்லவும் கூடும்; அவ்வுரிமையும் எழுத்தில் இருக்கட்டும். பணி செய்விக்கும் நிறுவனத்தாரிடம் சதுர அடிக் கூலி, விரிப்பின் விலை, சுவரடிப் பட்டையின் விலை, தரை உப்பினால் திருத்தித் தரும் பொறுப்பும் காலமும் ஆகிய நான்கையும் பிரித்து எழுதி வாங்குக. ஊர் விட்டு வந்து சிறுகச் சேர்த்த பொருளுக்கு அவ்வெழுத்தே காவல்.

இறுதியாக ஒன்று. இவ்வூரில் கட்டடப் பணிக்கு வரும் தொழிலாளர் பலர் வங்காளம், அசாம் முதலிய மாநிலங்களிலிருந்து பிழைப்புத் தேடி வந்தவர்கள். நம்மைப் போல் பிறமொழி நாட்டில் வாழ்பவர்கள். ஈரம் உலர்வதற்கும் மட்டம் பார்ப்பதற்கும் அவர்களுக்கு வேண்டிய நாளைக் கொடுங்கள். புதுமனை புகுவிழாவிற்கு நாள் குறித்துவிட்டோம் என்று விரட்டினால், அவர்கள் விரைந்து முடித்துச் சென்றுவிடுவர். அவ்விரைவின் விலையை அடுத்த மழைக்காலத்தில் நாமே கொடுக்க நேரும்.