28-வது வாரம்: தொட்டில் வாங்குறதுக்கு முன்னாடி பாலிசியைப் படிங்க

28-வது வாரம் தொடங்கிட்டா அது மூன்றாவது ட்ரைமெஸ்டர். செக்கப் ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை ஆகும், 36-வது வாரத்துக்கு அப்புறம் வாராவாரம். தூக்கம் குறையும், கால் வீங்கலாம், குழந்தையோட அசைவைக் கவனிக்கச் சொல்வாங்க. இதையெல்லாம் உங்க டாக்டர் சொல்லிடுவாங்க. அவங்க சொல்லாத பணக் கணக்கைத்தான் நான் பேசப்போறேன்.

என் கருத்தை நேரடியாவே சொல்லிடுறேன். வளைகாப்பு மண்டபம், போட்டோஷூட், தொட்டில், ஸ்ட்ரோலர் எல்லாம் போக மிச்சம் இருக்கிறதுதான் பிரசவத்துக்குன்னு நம்மில் பலர் வைக்கிறோம். இந்த வரிசையே தப்பு.

இதை நான் பட்டுத்தான் தெரிஞ்சுக்கிட்டேன். நான் ஒரு சிஏ. ஊருக்கெல்லாம் இன்சூரன்ஸ் பாடம் எடுத்தவ, என் சொந்த ஆபீஸ் பாலிசியைப் படிக்கலை. வளைகாப்பு முடிஞ்சு திருநெல்வேலி அம்மா வீட்டுக்குப் போயிருந்தேன். 35-வது வாரத்துலயே வலி வந்துடுச்சு. போன ஆஸ்பத்திரி நெட்வொர்க் லிஸ்ட்ல இல்லை, அதனால கேஷ்லெஸ் கிடையாது. சிசேரியன். மெட்டர்னிட்டி லிமிட் வெறும் 50,000. பாப்பா 6 நாள் என்ஐசியுல. எங்க சேமிப்பு? வரி மிச்சம் பண்ணப் போட்ட 5 வருஷ எஃப்டியிலயும் ஈஎல்எஸ்எஸ்லயும் பூட்டிக் கிடந்தது. மறுநாள் காலையில அம்மாவோட வளையலை எடுத்துக்கிட்டு அப்பா அடகுக் கடைக்குப் போனார்.

அதனால 28-வது வாரத்துலயே இந்த நாலு வேலையை முடிச்சிடுங்க.

1. லீவ் கணக்கு. 10 பேரோ அதுக்கு மேலயோ வேலை செய்யும் நிறுவனம்னா, முதல் ரெண்டு குழந்தைக்கும் சம்பளத்தோட 26 வாரம் உங்க உரிமை. 2017 திருத்தத்துல வந்தது இது. டியூ டேட்டுக்கு முந்தைய 12 மாசத்துல 80 நாள் வேலை செஞ்சிருக்கணும். இந்த 26-ல 8 வாரம் வரைக்கும் பிரசவத்துக்கு முன்னாடி எடுக்கலாம். அதாவது 32-வது வாரத்துல இருந்து. முன்னாடி எடுக்கிற ஒவ்வொரு வாரமும் பின்னாடி குறையும். உடம்பு எப்படி இருக்குன்னு டாக்டரைக் கேட்டு முடிவு பண்ணி, ஹெச்ஆருக்கு இப்பவே மெயில் போடுங்க. இஎஸ்ஐ பிடிக்கிறாங்கன்னா இந்தப் பணம் இஎஸ்ஐ வழியா வரும்.

2. பாலிசி. ஹெச்ஆர்கிட்ட நாலு கேள்வி கேளுங்க. நார்மலுக்கும் சிசேரியனுக்கும் லிமிட் எவ்வளவு? குழந்தைக்கு முதல் நாள்ல இருந்தே கவர் உண்டா? அது மெட்டர்னிட்டி லிமிட்டுக்குள்ளயா, வெளியயா? குழந்தை பேரைச் சேர்க்க எத்தனை நாள் கெடு? அப்புறம், அம்மா வீட்டு ஊர்ல எந்த ஆஸ்பத்திரி நெட்வொர்க்ல இருக்குன்னு நீங்களே தேடிப் பாருங்க. இப்போ புதுசா தனி பாலிசி எடுத்து இந்தப் பிரசவத்துக்குப் பயன்படாது, வெயிட்டிங் பீரியட் இருக்கு.

3. கையில பணம். ஆஸ்பத்திரில சிசேரியன் எஸ்டிமேட் வாங்குங்க. அந்த முழுத் தொகையும், ஒரு மாச வீட்டுச் செலவும் சேவிங்ஸ் அக்கவுன்ட்ல இருக்கணும். அதுக்காக மூணு மாசம் எஸ்ஐபியை நிறுத்த வேண்டியிருந்தா நிறுத்துங்க, ஒண்ணும் குடி முழுகிடாது. இன்சூரன்ஸ் பணம் வந்ததும் திரும்ப ஆரம்பிச்சுக்கலாம்.

4. பிக்மி எண். தமிழ்நாட்டுல பிறப்புச் சான்றிதழுக்கு இது வேணும். இன்னும் பதியலைன்னா இந்த வாரமே பதிஞ்சிடுங்க. குழந்தை பிறந்த 21 நாளுக்குள்ள பிறப்பைப் பதிவு செஞ்சா கட்டணம் கிடையாது.

கடைசியா கணவர்களுக்கு ஒரு வார்த்தை. இந்த நாலும் உங்க வேலை. மனைவி ஏற்கெனவே ஒரு பெரிய வேலை பார்த்துக்கிட்டு இருக்காங்க. ஒரு சனிக்கிழமை காலையில உட்கார்ந்தா மூணு மணி நேரத்துல முடியும். ஒரு ஃபைல்ல பாலிசி, ஆதார், ஸ்கேன் ரிப்போர்ட் எல்லாம் போட்டு, ஊருக்குப் போற பையில வெச்சிடுங்க.

வளைகாப்பு வேண்டாம்னு நான் சொல்லலை, நல்லா கொண்டாடுங்க. ஆனா கைநிறைய வளையல் போட்ட அம்மாவோட வளையல் அடகுக் கடைக்குப் போகக்கூடாது. அவ்வளவுதான்.

உங்க பாலிசில லிமிட் எவ்வளவுன்னு பார்த்துட்டு கமெண்ட்ல சொல்லுங்க. அடுத்த வீடியோல க்ளெய்ம் ஃபார்ம் நிரப்புறது எப்படின்னு பார்ப்போம்.